நாக்கைக் கட்டிய மணி

சாப்பாட்டு மேசை மேலிருந்த வெள்ளிக் கைமணியைக் காணவில்லை என்றதுமே சமையல்காரி அடுப்பை விட்டு ஓடி வந்தாள். அந்த மேசையைத் துடைப்பவள் அவளுடைய அக்கா மகள். நல்ல இடம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் நிறையச் சொல்லி அவளை அழைத்து வந்தது இவள்தான்.

"சாயங்காலத்துக்குள்ள மணி வரணும். இல்லேன்னா அவ மூட்டையைக் கட்டட்டும்" என்று சொல்லிவிட்டாள் எஜமானியம்மா. கத்தியிருந்தாலாவது பிறகு மனம் மாறுவாள். நிதானமாகச் சொன்னால் சொன்னதுதான். திருட்டுப் பட்டத்தோடு வெளியேறும் பெண்ணை எந்த வீடு உள்ளே விடும்?

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்த அடுப்படியிலேயே தலை நரைத்தவள் சமையல்காரி. அவள் பாலைப் பொங்கவிட்டு யாரும் பார்த்ததில்லை.

குதிரை வண்டிக்காரர் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். குதிரைக்குத் தண்ணீர் கேட்டு வருவதாகச் சொல்வார், வருவது காபிக்கு.

"அழாதேம்மா, யோசி" என்றார் அந்தப் பெண்ணிடம். "அந்த மணி தொட்டாலே கணீர்னு கத்துமே. காலைல சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல மாமா."

"அப்போ எடுத்தவங்க மணியோட நாக்கைக் கட்டிட்டாங்க. சீக்காளி இருக்கிற தெருவுல போறப்ப நானும் குதிரை மணிக்குள்ள துணி சுத்துவேன். எந்தத் துணி குறையுதுன்னு பாருங்க."

"வந்துட்டாரு துப்பறியும் புலி!" என்று சமையல்காரி நொடித்தாள். ஆனாலும் கை தானாகத் துவைத்த துணிகளைப் புரட்டியது.

"சித்தி, அக்காம்மாவோட கைக்குட்டை ஒண்ணு துவைக்கவே வரல" என்றாள் பெண்.

அக்காம்மா என்பது எஜமானரான ஐயாவின் அக்கா. மாடிப்படியில் விழுந்து இடுப்பொடிந்த நாளிலிருந்து பின் அறையே கதி. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சாப்பாட்டு அறை வரை நகர்வாள். கூப்பிட்டால் குரல் சமையலறைக்கு அரைகுறையாகத்தான் எட்டும். எட்டிய நாளிலும், இந்தக் குழம்பை இறக்கிவிட்டுப் போகலாம் என்று சமையல்காரி இருந்ததுண்டு. இப்போது அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அக்காம்மாவுக்குக் கஞ்சியோடு பின் அறைக்குள் போனாள். தலையணை ஓரத்தில் வெள்ளிப் பிடி தெரிந்தது, கீழே சுற்றிய கைக்குட்டையோடு. ஆள் கூப்பிட என்று அக்காம்மா எடுத்தாளே தவிர, அடிக்கத் தைரியம் வரவில்லை போலும்.

சொன்னால், தம்பி வீட்டில் ஒண்டிக்கிடப்பவளுக்குத் திருடி என்ற பெயரும் சேரும். சொல்லாவிட்டால் அந்தப் பெயர் இந்தப் பெண்ணுக்கு. சமையல்காரி கஞ்சியைத் தலைமாட்டில் வைத்தாள்.

"மணிக்காக எங்க பொண்ணை இன்னைக்கே அனுப்பிடப் போறாங்க, அக்காம்மா" என்று மட்டும் சொன்னாள். அக்காம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பெண் கூடத்தில் மூட்டையோடு நின்றாள். எஜமானியம்மா கதவைக் காட்டினாள். ஐயா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நான்தான் எடுத்தேன் என்று சொல்லித் தொலைத்துவிடலாமென்று சமையல்காரி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

அதற்குள் பின் அறையிலிருந்து கணீரென்று மணி அடித்தது.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. எஜமானியம்மா கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"மூட்டையை உள்ள கொண்டு போய் வை" என்றாள் பெண்ணிடம், யாரையும் பார்க்காமல்.

மணி மறுபடியும் அடித்தது. இந்த முறை நடுங்கி நடுங்கி, பாதியிலேயே நின்றுவிட்டது.

"இதோ வந்துட்டேன், அக்காம்மா!" என்று வீடே அதிரக் கத்திக்கொண்டு, கரண்டியோடு ஓடினாள் சமையல்காரி.