சிநேகிதருக்கு வந்த கட்டி

ஒரு நோயைப் பற்றிப் பாடம் எடுக்கிறவனுக்கு அந்த வருத்தம் வராது என்றுதான் நான் முட்டாள்தனமாக நம்பியிருந்தேன். ஹேர்னிங் என்ற ஐரோப்பிய ஊரில் தமிழ் ஆண்களுக்குப் பாலியல் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் தொண்டர் நான். "விதையில கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிட்டப் போங்கோ, சாதகம் பார்க்கச் சாத்திரியாரிட்டப் போகாதேங்கோ" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பேன்.

ஒருநாள் குளிக்கும்போது எனக்கே தட்டுப்பட்டது. மனைவி பிரிந்துபோன பிறகு வீட்டில் சொல்லி அழ ஆளில்லை. டாக்டரிடம் போகாமல், என் செத்தவீட்டுக்கு எந்தக் கோட் பொருந்தும் என்று அலுமாரியைத் திறந்து போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை, வயிறு வண்டி வைத்துவிட்டது.

அந்தக் கிழமை, பயிற்றுநர் பரிமாற்றத்துக்காக வவுனியாவிலிருந்து, அங்கே இதே பாடம் எடுக்கும் ரஜனி வந்திருந்தாள். கோப்பி குடிக்கும்போது மெல்லத் தொடங்கினேன்.

"தங்கச்சி, என்ர சிநேகிதர் ஒருத்தருக்கு விதையில கட்டியாம். டாக்டரிட்டப் போகப் பயப்பிடுறார்."

வகுப்புகளில் ஆண்கள் எல்லாக் கேள்வியையும் சிநேகிதருக்காகத்தான் கேட்பார்கள். வவுனியாவிலும் அப்படித்தானாம். ஆனாலும் அவள் சிரிக்கவில்லை.

"அவருக்கு ஆர் அண்ணை இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப நானும் கூட வாறன் எண்டு சொல்லுங்கோ. நாளைக்கே போவம்."

மறுநாள் டாக்டரின் காத்திருப்பு அறையில் அவள் என் பக்கத்தில் இருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டபோது, எழுந்த என்னிடமிருந்து ஜாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அது ஆபத்தில்லாத நீர்க்கட்டி. சிநேகிதர் ஏன் வரவில்லை என்று ரஜனி கடைசிவரை கேட்கவேயில்லை.