மூன்றாவது ஆளின் நேரம்

மண்ணாங்கட்டிக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், எமன் கண்ணில் படாமல் கிடக்கட்டும் என்று இந்தப் பெயரை வைத்தார்கள். எமன் கண்ணில் படவில்லை, சரி. ஊர்க்காரர்கள் கண்ணிலும் படவில்லை, அதுதான் வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரித்தால் கடைசியில் இவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். ரேஷன் கார்டில் இரண்டு வருஷம் பெயர் விட்டுப்போயிருந்தது; பெண்டாட்டி அமராவதி போய்ச் சண்டை பிடித்துத்தான் சேர்த்தாள். இதற்கெல்லாம் மனுஷன் வருத்தப்பட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். தன்னை யாரும் கேட்காமல் விட்டால் போதும் என்று நிம்மதியாக இருந்த ஆள் அவர்.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாகக் கூடை சுமந்துகொண்டிருந்தார். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் இருக்கிற வரப்பு ஒரே ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். தலையில் உப்புக் கூடையோடு வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவன் குதிகாலையே பார்த்துக்கொண்டு போகவேண்டும். கொஞ்சம் பின்தங்கினால் பின்னால் வருகிறவன் திட்டுவான். கொஞ்சம் நெருங்கினால் முன்னால் போகிறவன் திட்டுவான். குவியலில் கூடையைக் கவிழ்த்த நிமிஷமே ஓரமாக ஒதுங்கி நின்றுவிட வேண்டும். அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் இது உடம்பில் ஊறின பழக்கம்.

இப்படிப்பட்டவர் மாநில அளவு சைக்கிள் பந்தயத்தில் ஓட்டினார் என்றால் சிரிப்பு வருகிறதல்லவா? 2005ஆம் வருஷம் ஜூன் மாதம் ஓட்டினார். எல்லாம் மச்சினன் சுப்ராயனால் வந்த வினை.

சுப்ராயன் அமராவதியின் தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் அவனைப் பிடிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்றிதழ் ஒன்று இருந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். தனி ஓட்டத்தில் இரண்டு தடவை ஐந்தாவதாக வந்து கோட்டை விட்டான். வயது வரம்போ அந்த வருஷத்தோடு முடிகிறது. மிச்சம் இருந்தது ஒரே பந்தயம், நாலு பேர் சேர்ந்து கடிகாரத்தோடு போட்டி போடுகிற குழு ஓட்டம்.

பி.டி. மாஸ்டர் வெங்கடாசலம் எங்கிருந்தோ ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். உலக சாம்பியன் பந்தயம். வெள்ளைக்காரர்கள் நாலு பேர், முன் சக்கரமும் பின் சக்கரமும் உரசுகிற மாதிரி ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பறக்கிறார்கள்.

"உலகப் போட்டியில இத நிறுத்தி பத்து வருஷம் ஆச்சு. நம்ம ஆளுங்க தூசு தட்டி எடுத்திருக்காங்க. சாதா சைக்கிள், அறுபது கிலோமீட்டர்" என்றார் மாஸ்டர். "நாலு பேர் கிளம்பணும். மூணாவது ஆளோட முன்சக்கரம் எப்ப கோட்டத் தாண்டுதோ அதான் டீமோட டைம். மூணு பேர் வரலன்னா டீமே கிடையாது."

"அப்ப நாலாவது ஆளு?" என்று கேட்டார் மண்ணாங்கட்டி. அவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"அவன் டைம் கணக்குல வராது. பாதி தூரத்துக்கு மேல முன்னால போய் எதிர்காத்த தன் மேல வாங்கிக்கிட்டான்னா போதும், பின்னால வர்றவங்களுக்கு மிதிக்கிறது லேசாயிடும்."

சுப்ராயன், தோப்பில் மரமேறுகிற சாலமன், கடலுக்குப் போகிற தேசப்பன், இந்த மூவரும் கெட்டி. நாலாவதாக இருந்த கோட்டக்குப்பத்துப் பையனுக்குப் பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது துபாய் விசா வந்து, அவன் பறந்துவிட்டான். கணக்கில் வராத இடம் ஒன்று காலியாக இருக்கிறது. அதற்கு மண்ணாங்கட்டியை விட்டால் வேறு யார் பொருத்தம்? பத்து நாளில் ஒன்று தெரிந்தது. அவருக்கு வேகம் குறைவு. ஆனால் முன்னால் போகிற சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் சக்கரத்தை வைத்தாரானால் அந்த ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாஸ்டரே வாயைப் பிளந்தார்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் அமராவதி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இத பாருங்க, அவன் பொழப்பே இதுலதான் இருக்குது. உங்களால கெட்டுச்சுன்னு ஒரு சொல்லு வந்துடக்கூடாது. அப்புறம் என் மூஞ்சில முழிக்காதீங்க."

"நான் என்னாத்தக் கெடுக்கப் போறேன்? என் டைம கணக்குலயே எடுக்க மாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே போனார். மனதில் ஒரு பொட்டுக் கவலை கிடையாது.

கோட்டக்குப்பத்துப் பக்கம் இருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் வரை வந்து, திரும்பிப் போகவேண்டும். பதினோரு டீம், மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக விடுவார்கள். கொடியசைக்க வரவேண்டிய பெரிய மனுஷர் சாவகாசமாக ஒன்பதரைக்கு வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. போகும்போது காற்று முதுகில் இருந்ததால் நாலு பேரும் மாற்றி மாற்றி முன்னால் வந்து நன்றாகவே மிதித்தார்கள். உப்பளப் பாலத்தில் திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த மாஸ்டர் கத்தினார்: "இதுவரைக்கும் நாமதான் ஃபர்ஸ்ட். நாலாவது எடத்துல இருக்குற டீம விட மூணரை நிமிஷம் முன்னாடி இருக்கோம். விட்டுடாதீங்க."

திரும்பியதும் தெற்குக் காற்று மூஞ்சியில் அறைந்தது. மண்ணாங்கட்டி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போய்ப் போய்க் காற்றை வாங்கினார். நாற்பத்தைந்தாவது கிலோமீட்டரில் அவர் மூச்சு விடுகிற சத்தம் மாஸ்டருக்கே கேட்டது. "மண்ணாங்கட்டி, போதும்ப்பா. விட்டுடு" என்றார்.

அந்தப் 'போதும்' காதில் விழுந்ததும் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இருபது வருஷமாகச் செய்ததைச் செய்தார். கூடையைக் கவிழ்த்தாயிற்று, ஒதுங்கி வழிவிட வேண்டும். சைக்கிளை ஓரங்கட்டி இறங்கியே விட்டார். பின்தங்கினாலும் மெதுவாகவாவது மிதித்துக்கொண்டு வரவேண்டும் என்று மாஸ்டர் நினைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? மற்ற மூன்று பேரும் வளைவில் மறைந்தார்கள். பனைமரத்தடியில் ஒருத்தர் நுங்கு வைத்திருந்தார்.

"என்னாப்பா, ரேஸா?" என்றார் நுங்குக்காரர்.

"ஆமாங்க. நம்ம வேல முடிஞ்சிச்சு. ரெண்டு வெட்டுங்க."

ஒரு நுங்கு உள்ளே போனது. அப்பாடா என்று இருந்தது. இரண்டாவதில் கட்டைவிரலை விட்டு நோண்டிக்கொண்டிருக்கும்போது, மாஸ்டர் உட்கார்ந்த பைக் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தது. மாஸ்டர் முகத்தில் ரத்தம் இல்லை.

"டேய், ஏறுடா. தேசப்பனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. ரோட்டோரம் கிடக்கிறான். மிதிக்க முடியல. நீதான்டா மூணாவது."

தன்னைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று மண்ணாங்கட்டி எவ்வளவு தெம்பாக வந்தார். இப்போது கடிகாரம் முழுக்க அவர் முன்சக்கரத்தில் வந்து நின்றுவிட்டது. நுங்கு எங்கே விழுந்தது என்று தெரியாது. சைக்கிளில் ஏறி வெறிபிடித்தவராக மிதித்தார். அமராவதி சொன்ன சொல் காதிலேயே நின்றது. சுப்ராயனுக்கு வேலை போனால் அது இந்த நுங்கால்தான் போகும். 'பாவி, பாவி' என்று தன்னையே திட்டிக்கொண்டு மிதித்தார்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி சுப்ராயனும் சாலமனும் நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது, கையிலிருந்த மூன்றரை நிமிஷமும் கரைந்துவிட்டிருந்தது.

"மாமா, முன்னால வராதீங்க. எங்க பின்னாலயே ஒட்டிக்கிட்டு வாங்க. விட்டுடாதீங்க மாமா" என்றான் சுப்ராயன். அவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்றுகூட அவன் கேட்கவில்லை.

அதன்பிறகு பதினாலு கிலோமீட்டர். சுப்ராயனும் சாலமனும் மாற்றி மாற்றிக் காற்றை உடைத்துக்கொண்டு போனார்கள். மண்ணாங்கட்டி ரோட்டைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. முன்னால் சுழல்கிற பின்சக்கரத்தை மட்டும் பார்த்தார். ஒரு சாண். தொடை எரிந்தது. ஒரு சாண். ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டரில் தின்ற நுங்கு குமட்டிக்கொண்டு வெளியே வந்து சட்டையெல்லாம் ஆனது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. இந்தச் சக்கரத்தை விட்டால் அக்காளும் தம்பியும் தனக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

கோட்டைத் தாண்டியதே அவருக்குத் தெரியாது. சாலமன் பிரேக் பிடித்தபிறகுதான் நின்றார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார். இன்னொரு கால் பெடலில் இருந்தது. இரண்டு கையும் ஹேண்டில்பாரை விடவில்லை.

"மாமா, எறங்குங்க. முடிஞ்சிச்சு" என்றான் சுப்ராயன்.

"முடிஞ்சிச்சுன்னுதான் அப்பவும் எறங்குனேன்."

"எப்ப?"

"மாஸ்டர் வந்து சொல்லட்டும்" என்றார், அவ்வளவுதான்.

இன்னும் மூன்று டீம் வரவேண்டியிருந்தது. யாரோ தண்ணீர் நீட்டினார்கள். தலையை மட்டும் நீட்டி ஊற்றச் சொல்லிக் குடித்தார். கால் மணி நேரம் அந்த வெயிலில் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. தேசப்பனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுப்ராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமன் கண் மேசைப் பக்கமே இருப்பதைப் பார்த்து, அவனும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசி டீமும் வந்தது. மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிக் கலைந்தது. மாஸ்டர் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"மூணாவது எடம்" என்றார். "நாலாவதா வந்த டீமுக்கும் நமக்கும் நாலே செகண்டு."

சுப்ராயன் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெட்கமே இல்லாமல் அழுதான். சாலமன் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"மாஸ்டர்" என்றார் மண்ணாங்கட்டி. "இன்னும் என்னால ஆக வேண்டியது ஏதாச்சும் பாக்கி இருக்குதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் ஆச்சு. எறங்கு."

இறங்கப் பார்த்தார், விரல் பிரியவில்லை. சுப்ராயன் எழுந்து வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஹேண்டில்பாரில் இறுகியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். பத்தாவது விரலும் பிரிந்ததும் மண்ணாங்கட்டி இறங்கி அவன் தோளில் சாய்ந்தார்.