உப்பு தின்ற குண்டறை

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சர்க்கார் கட்டிய பதுங்கறை ஒன்று, திண்டுக்கல்லில் எங்கள் கொல்லையை ஒட்டி இருந்தது. பாதி தரைக்குள்ளே, பாதி வெளியே. தடித்த செங்கல் சுவர். ஊர் அதைக் குண்டறை என்றது. குண்டு வரவில்லை, யுத்தம் முடிந்தது, தோல் வியாபாரியான என் மாமனார் அதை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். உப்புத் தடவிய ஆட்டுத்தோலை அடுக்கிவைக்க அந்தக் குளிர்ச்சியைவிட வேறென்ன வேண்டும்?

நான் கல்யாணமாகி வந்தபோது அந்தச் சுவரெல்லாம் உப்பு பூத்திருந்தது. கை வைத்தால் செங்கல் மாவாக உதிர்ந்தது. சொன்னேன்.

"குண்டுக்குன்னு கட்டுன செவுரும்மா, உப்புக்கா விழுகப்போவுது?" என்று மாமனார் சிரித்தார்.

"நேத்து வந்தவ நாட்டாமை பண்றா" என்று மாமியார் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்ரீத் வந்தது. ஊரில் குர்பானி கொடுத்த ஆட்டுத்தோலெல்லாம் எங்களிடம் வந்து குவிய, கூரைவரை அடுக்கினோம். மறுநாள் மதியம் மழை பெய்து தள்ளியது. மாமனார் கடைவீதியில் இருந்தார். கொல்லையில் தேங்கிய தண்ணீர் படி வழியே குண்டறைக்குள் இறங்கியது. உப்புக் கரைந்தால் தோல் அழுகிவிடும். என் வீட்டுக்காரர் உள்ளே பாய்ந்து கட்டுக்கட்டாகத் தூக்கி நீட்ட, நான் படியில் நின்று வாங்கி மேலே போட்டேன்.

அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் வயிறு தள்ளி நிற்பதைப் பார்த்தேன்.

"செவுரு வருதுங்க, மேல வாங்க!"

"செத்த நேரம் பொறு. பாதிகூட எடுக்கல."

தலையைக்கூடத் திருப்பவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். அப்பாவை அவர் அத்தா என்றுதான் கூப்பிடுவார். அத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், அவருக்குச் சுவர் மேல் பயமே இல்லை. என் வயிற்றில் பிள்ளை. வேறு வழி தெரியாமல் தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க வரலன்னா நானும் இங்கனயே நிக்கிறேன்."

"ஒனக்கென்ன பைத்தியமாடி?"

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துத் தரதரவென்று மேலே இழுத்துவந்தார். வேப்பமரத்தடிக்கு வந்தும் திட்டி முடிக்கவில்லை. பின்னால் சுவர் சரிந்து கூரை அப்படியே உட்கார்ந்தது. அவர் வாயில் பாதிச் சொல் நின்றுவிட்டது.

சத்தம் கேட்டு மாமனார் நனைந்துகொண்டே ஓடிவந்தார். இடிபாட்டைப் பார்த்தார்.

"ஏலே, எம்புட்டு தோலு உள்ள போச்சு?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் கையை அப்போதும் விடாமல் பிடித்திருந்தார்.

"நான் உள்ள இல்ல, அத்தா" என்றார்.