உப்புப் பார்க்காத பொங்கல்

ஆடி வெள்ளிக்கிழமை. உச்சிக்காலப் படையலுக்கான வெண்பொங்கல் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் அண்ணன் கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்தார். வியர்வை கொட்டியது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் மனைவி சரோஜா அண்ணி கூடவே ஏறினார்.

செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் உள்ள எங்கள் அம்மன் கோயில் மடப்பள்ளியில் அவரும் நானும்தான் சமையல். பொங்கல் அவர் பொறுப்பு, சுண்டல் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: படையலுக்குச் சமைக்கிறவர் உப்புப் பார்க்கக் கூடாது. மோந்தும் பார்க்கக் கூடாது. அம்மனுக்கு முன்னால் நாம் ருசித்தால் அது எச்சில். அதற்காகத்தான் மூக்கையும் சேர்த்து வாய்க்கட்டு கட்டுகிறோம். கட்டிவிட்டால் பேச்சும் கிடையாது. உப்பு கைக்கணக்குதான்.

கரண்டியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் உப்புப் போட்டுவிட்டாரா?

உப்பு வைக்கும் மரக்கிண்ணம், மரவை, திறந்து கிடந்தது. அது எப்போதும் அப்படித்தான் கிடக்கும். அவர் செல்போன் சட்டைப் பையோடு ஆணியில் தொங்கியது. அண்ணி போனை எடுக்கவில்லை.

தர்மகர்த்தா உள்ளே வந்தார். "இன்னாப்பா லேட்டு? திரை போட்டுட்டு பூசாரி நிக்கிறாரு."

தள்ளி வந்து, வாய்க்கட்டை இறக்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு பருக்கைய வாயில போட்டுப் பாரேன். யாரு பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியுமேங்க."

"உப்பு ரெண்டு தடவ உழுந்து வாயில வைக்க முடியாம போச்சுன்னா? ஏகாம்பரம் பொழைக்க மாட்டான்னு இப்பவே வெளிய பேசுறானுங்க. படையலும் கெட்டா கேக்கவே வேணாம். அவன் பொண்டாட்டி தாங்குமா?"

எனக்கும் அந்தப் பயம்தான். இரண்டாவது முறை விழுந்த உப்பை எடுக்க வழியில்லை. விழாமலே இருந்தால், படைத்த பிறகு ஜனங்களுக்குக் கொடுக்கும்போது சரிசெய்யலாம். ஆனால் அம்மனுக்குப் போவது போனதுதான். நான் உப்பைத் தொடவில்லை. நெய்யில் மிளகும் சீரகமும் தாளித்துக் கொட்டி, வாழையிலையால் மூடி எடுத்துப் போனேன். பூசாரி படைத்து, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, மணி அடித்தார்.

திரை விலகிய பிறகு ஒரு பருக்கை வாயில் போட்டேன். துளி உப்பில்லை.

தர்மகர்த்தாவும் வாயில் போட்டுப் பார்த்தார். அவரே ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்தார். உப்பைக் கரைத்து ஊற்றிக் கிளறினோம். அதற்கு முன்பே ஒரு தொன்னைப் பொங்கலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் அண்ணன் நினைவோடு இருந்தார். தொன்னையை அண்ணியிடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கொஞ்சம் நாக்கில் வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டரு இப்பதான் உப்பக் கொறைக்கச் சொல்லிட்டுப் போறாரு," என்று அண்ணி புருஷன் பக்கம் திரும்பினார். "அதுக்குள்ள ஆத்தாளுக்கும் பத்தியம் வெச்சிட்டியா நீ?" சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நான் உப்புப் போடலடா."

"தெரிஞ்சிதுண்ணே."

"ஆத்தா நேரத்துக்கு சாப்டுச்சா?"

"சாப்டுச்சுண்ணே."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவரைப் புதுச்சேரிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

இப்போது எங்கள் மடப்பள்ளியில் உப்புப் போட்டதும் மரவையை மூடி, மேலே ஒரு கொத்து வேப்பிலை வைக்கிறோம். இலை இருந்தால் போட்டாயிற்று, இல்லையென்றால் போட வேண்டும். வாய் திறக்கத் தேவையில்லை. எங்களில் யார் பாதியில் எழுந்து போனாலும், அடுத்தவர் கரண்டியை எடுத்துக் கிளறலாம். ஆத்தா நேரத்துக்குச் சாப்பிட்டுவிடும்.