கதவ யாரு பூட்டுனது

மாமா இசையமைத்த முதல் படத்தைப் பார்க்க எங்கள் தெருவே விருதுநகர் தியேட்டருக்குத் திரண்டு போனது. எனக்கு ஒன்பது வயது. பட்டாசுக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அம்மா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள்.

மாமா அவளுடைய தம்பி. சிவகாசியில் மூன்று கூட்டாளிகளோடு ராக் பேண்ட் வைத்திருந்தார். அவருக்குக் கிட்டார் வாங்கித் தந்தது, அவர்கள் இருவருக்கும் மூத்தவளான என் பெரியம்மா. தீபாவளி சீசனில் ஒருநாள், அவள் வேலை பார்த்த வெடிமருந்து அறை வெடித்தது. உள்ளே ஆள் இருப்பது அதிகாரிகளுக்குத் தெரியக் கூடாதென்று வெளியே பூட்டு போட்டிருந்தார்கள். போட்டவன் யாரென்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மாமா மட்டும் திறந்தார். 'கதவ யாரு பூட்டுனது' என்ற ஒரே கேள்விதான் பாட்டு. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் முன்னால், செத்தவர்களின் குடும்பங்களுக்கு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். யாரோ செல்போனில் எடுத்த அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் சினிமாக்காரர்கள் அவரைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பாட்டு வந்தது. கதாநாயகி படுக்கையறைக் கதவில் சாய்ந்து, 'கதவ யாரு பூட்டுனது' என்று கொஞ்சினாள். கதாநாயகன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினான். அதே மெட்டு. தியேட்டரே எழுந்து ஆட, நானும் நாற்காலி மேல் ஏறி ஆடினேன். அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்து, தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள். மாமா பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏலே, அக்கா கரிக்கட்டையாக் கெடந்ததுக்குப் பாடுனதுலே அது. அதுக்கா இடுப்ப ஆட்ட வச்ச?"

"எம்புட்டோ சொல்லிப் பாத்தேங்க்கா. டைரக்டர் அந்த வரிதான் வேணும்னுட்டாரு. மாட்டேன்னா வேற ஆளப் போட்டுருவாக."

"போடட்டும்னு வர வேண்டியதுதானலே! இங்கன ஒனக்குச் சோறு போட ஆளில்லையா?"

மாமா அழுதார். உள்ளே 'ஒன்ஸ்மோர்' என்று கூச்சல் கிளம்பியது. பாட்டை மறுபடியும் போட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாக்கா?" என்றார். முகத்தில் சிரிப்பு.

அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவேயில்லை. அவர் பெரிய இசையமைப்பாளர் ஆகிவிட்டார், இன்றைக்கும் பேசவில்லை.

எனக்கோ அம்மா மேல்தான் ஆத்திரம். பாதிப் படத்தில் இழுத்து வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மீதிக் கதையைச் சொல்ல முடியவில்லை. வீம்புக்கு, கதாநாயகி மாதிரியே குழைந்து குழைந்து அந்தப் பாட்டை அவள் காதுபடப் பாடினேன். அடிப்பாள் என்று சுவரோரம் ஒதுங்கித் தயாராக நின்றேன்.

அவள் அடிக்கவில்லை. என் தோளைப் பிடித்து நேராக நிறுத்தினாள்.

"கொஞ்சாதட்டி," என்றாள். "கத்து."

யாரைப் பார்த்துக் கத்தச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.