சமுகமளிக்காதவள்

வாவி மீன்பிடிக்கு வெளிக்கள உதவியாளர் எடுக்கிறார்கள் என்று நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தபோது, எனக்கு முப்பத்தைந்து முடிய ஒரு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. இதுதான் கடைசி. மண்டூரிலிருந்து முதல் படகுப்பாதையில் ஏறி வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, எட்டு மணிக்கே மட்டக்களப்பு மீன்பிடித் திணைக்களக் கந்தோருக்குப் போய்விட்டேன்.

நேர்முகம் நடத்தக் கொழும்பிலிருந்து வந்திருந்த மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. யாருக்காவது சிங்களம் தெரியுமா என்று லிகிதர் வாசலில் வந்து கேட்டார். தெற்கில் ஆறு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள் நான். கையைத் தூக்கினேன். மடைத்தனம். வரவுத்தாளில் கையெழுத்து வைக்க முன்னரே என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு கதிரையில் இருத்திவிட்டார்.

நேர்முகத்துக்கு வந்த மற்றப் பதினாறு பேர் சொன்னதையும் நான்தான் சிங்களத்தில் சொன்னேன். உன்னிச்சைப் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை தடுமாறி, என் காதோடு, "அக்கா, நான் சொன்னதக் கொஞ்சம் திருத்திச் சொல்லுங்களன்" என்றாள். திருத்திச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

என் முறை வரும்போது மணி நாலு. அந்த மூவரில் தலைவர் பைல்களைக் கட்டிக்கொண்டே, காலையிலிருந்து உன்னைப் பார்க்கிறோமே, இனிக் கேட்க என்ன இருக்கிறது என்று சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். புருசனிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன்.

மூன்று கிழமையில் பட்டியல் வந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது. என்னுடையது இல்லை.

கந்தோருக்குப் போனேன். அதே லிகிதர் புள்ளித்தாளை எடுத்துக் காட்டினார். என் பெயருக்கு நேரே ‘சமுகமளிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

"நீங்கதானே என்னக் கூட்டிப்போய் இருத்தின?"

"ஓம் தங்கச்சி. நான் இல்லையெண்டு சொல்லல்ல. தாள்ல அப்பிடி இரிக்கி, நான் என்ன செய்ய?"

"மறுகா நான் யாருக்கிட்டப் போய்ச் சொல்லுற?"

கொழும்புக்கு ஒரு அப்பீல் எழுதித் தந்தால் அனுப்புவதாகச் சொன்னார். அதில் சரிவந்தால் வேலை தருவார்களா என்று கேட்டேன். வெற்றிடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்தமுறை விண்ணப்பம் போடுங்கள் என்றார். அடுத்தமுறைக்கு எனக்கு வயது இல்லை என்றேன். அவர் புள்ளித்தாளில் என் பிறந்த திகதியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை பிடிக்கத்தான் போனேன். ஆனால் அதை எழுதியது அவர் இல்லை. எழுதியவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். நின்றபடியே அப்பீலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.