ரோபோட்டுக்கு வைத்த பொட்டு

மெர்லிமாவ் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் ரோபோட் வகுப்பு தொடங்க இந்திராதேவி டீச்சர் நாயாய் அலைந்தார். 1997இல் மேலிடம் பெரிய மனது வைத்து ஒரு காலி அறையும் வாழ்த்தும் தந்தது. பழைய ரேடியோக்களைப் பிரித்து, மேசையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தன் இரண்டு கண்களால் பார்த்து ஓடும் குட்டி வண்டியை டீச்சரே செய்துவிட்டார்.

திறப்பு விழாவன்று பெற்றோர் சங்கத் தலைவர் வீராசாமி வந்தார். பூசை போடாமல் எந்த லாரியையும் ரோட்டில் இறக்காத மனிதர். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் வண்டியின் இரண்டு கண்களிலும் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார், பக்தியோடு.

பொத்தானை அமுக்கியதும் கண் தெரியாத வண்டி கோட்டை விட்டு விலகி, மேசையிலிருந்து விழுந்து சிதறியது. டீச்சர் வாயில் வந்ததைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியாது.

வீராசாமி அவரைத் தேற்றினார். “விடுங்க டீச்சர், என் தப்புதான்லா. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்க மறந்துட்டேன்.”